பச்சை மரம்

மெலிசன்ட் அழுகிவிட்டாள் என்று சேதி வந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். கொடி தைக்கும் கூடமே திரும்பிப் பார்த்தது. போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் மெலிசன்ட் மாதிரிப் போர்க்கப்பலை அவள் என்றுதான் சொல்வார்கள். என் புருஷன் டோபியாஸும் அப்படித்தான். சரக்குப் படகு ஓட்டிக்கொண்டிருந்தவனை, கல்யாணமான மாதமே போருக்கென்று பிடித்து அவள்மேல் ஏற்றினார்கள். ஓடிவிடுவான் என்று அதன்பிறகு மண்ணை மிதிக்கவே விடவில்லை. அவள் துறைமுகம் வரும்போதெல்லாம் நான்தான் படகேறிப் போவேன். நூறு பேர் நடுவில், பீரங்கியில் சாய்ந்தபடி குடும்பம் நடத்தினோம்.

"அவ நல்லாத்தான் ஓடுறா. அடிவயிறுதான் கெட்டுப்போச்சு" என்றான் போன தடவை.

"என்கிட்டயே அவ வயித்தப் பத்திப் பேசுறியா?"

"நீங்க ரெண்டு பேரும் என்ன சக்களத்திகளா?"

"பின்ன? தினம் உன்கூட படுக்கிறது அவதான?"

போர் அவசரத்தில், காயாத ஓக் மரத்தில் கட்டிய கப்பல். ஐந்தே வருஷம். விரலால் குத்தினால் விலாமரம் உதிர்ந்ததாம். கட்டியவர்கள் வெட்கப்படட்டும். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் முட்டி போட்டு நான் கேட்டதே அவள் அழுக வேண்டும் என்றுதான். கப்பலை உடைத்தால் ஆட்களை இறக்கித்தானே ஆக வேண்டும்? படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்டேன். ஆட்டுக்கறி வாங்கி வைத்தேன்.

படகுக்காரி ஹாஸ்கின் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரிப்பன் வேறயா. யாருக்குடி?"

"என் புருஷன் இறங்குறான்."

"இறங்குறான்தான். இறங்கி அந்தா நிக்குதே புதுக் கப்பல், அதுல ஏறுறான். எல்லாரையும் அப்படியே மாத்திவிடுறாங்க. கரைக்கெல்லாம் விட மாட்டாங்கடி."

நம்பவில்லை. துடுப்புப் போடச் சொன்னேன். இரண்டு கப்பல்களுக்கும் நடுவே ஆட்களை அடைத்துக்கொண்டு படகுகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றில் டோபியாஸ், மூட்டையை மடியில் வைத்திருந்தான். எங்கள் படகை நெருங்க விடவில்லை. அவன் எழுந்து நின்றான். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் அதைச் சொன்னான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"கெஸியா, இவ நல்லா காஞ்ச மரமாம்டி. இருபது வருஷம் தாங்குவாளாம்."

மெலிசன்டை உடைத்தபோது ஆளாளுக்குச் சிராய் அள்ளிப் போனார்கள். நானும் ஒரு துண்டைச் சுமந்து வந்தேன். அழுகாத துண்டு. அடுப்பில் வைத்தேன். பற்றவில்லை. நுனியில் தண்ணீர் நுரைத்து வடிந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. ஐந்து வருஷம் ஆகியும் அது காயவில்லை. நான் குனிந்து ஊதிக்கொண்டே இருந்தேன்.