எட்டு ஒயர்

"அண்ணி, அந்த அறைச் சாவி எங்க?" என்று கண்ணாடிக் கடைக்காரர் மூன்றாவது தடவையாகக் கேட்டார். சாவி எங்கேயும் தொலைந்துவிடவில்லை. அவள் உள்ளங்கைக்குள்தான் இருந்தது. காலையிலிருந்து இறுக்கிப் பிடித்ததில் அதன் பல் தோலில் பதிந்துவிட்டது.

கூடத்தில் அவளுடைய கணவரைக் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு வண்டி வரும். இப்போது மணி இரண்டு. அதற்குள் அவர் கடைசியாகச் செய்த காரை எடுத்து வந்து தலைமாட்டில் வைக்க வேண்டும் என்று கண்ணாடிக் கடைக்காரருக்கும் மற்ற சங்கத்துக்காரர்களுக்கும் ஆசை. அப்புறம் அதைச் சங்கத்துக் கண்ணாடி அலமாரியில் வைக்கப் போகிறார்களாம். 'கடைசிவரை பிசகாத கை' என்று அட்டைகூட எழுதியாயிற்று.

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பதினோரு ஆண்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு, அவ்வளவுதான். பெட்டிக்குள் பிளாஸ்டிக் உதிரிகளாக வரும் அந்தக் காலத்துக் கார்களை வாங்கி ஒட்டுவார்கள். முடிந்தால் ஒரு முழங்கைகூட நீளம் வராது. பெட்டியில் இருக்கிறபடியே ஒட்டினால் அது இவர்களுக்குக் கேவலம். கூரையை அறுத்துத் தாழ்த்த வேண்டும், பானட்டைத் தூக்கி எறிந்துவிட்டு எஞ்சினை வெளியே காட்ட வேண்டும், பின்சக்கரத்தைப் பருக்க வைக்க வேண்டும், பக்கவாட்டில் தீ நாக்கு வரைய வேண்டும். அதற்கு ஹாட் ராட் என்று பெயர்.

"நல்லா இருக்கிற காரை ஏங்க வெட்டறீங்க?" என்று கல்யாணமான புதிதில் கேட்டாள்.

"நீ நல்லா இருக்கிற துணியை வெட்டறதில்லையா டெய்லரம்மா?" என்றார் அவர். அதற்கு மேல் என்ன பேசுவது? அவள் தையல் மெஷினுக்குப் போனாள், அவர் அந்தச் சின்ன அறைக்குப் போனார். முப்பத்தைந்து வருஷம் அப்படியே போயிற்று.

"எழுபது வயசுல பொம்மைக் கார் வெச்சு விளையாடினான். போறப்பவும் அதோடதான் போகணுமா?" என்று அவருடைய அக்கா அழுகைக்கு நடுவே மூக்கைச் சிந்தினாள்.  டெய்லரம்மா எழுந்து போய் அறையைத் திறந்தாள். இனி தள்ளிப்போட வழியில்லை.

அவள் பயம் அவளுக்கு. அந்தக் காரைப் பிசகாத கைதான் செய்தது, சந்தேகமில்லை. ஆனால் அது அவருடைய கை இல்லை.

நாலு மாதத்துக்கு முன் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. நரம்புத் தளர்ச்சி என்றார் டாக்டர், கூடவே இதயமும் சரியில்லை என்றார். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் காலை ஒன்பது மணிக்கு வழக்கம்போல அறைக்குள் போய் உட்கார்ந்தார். பன்னிரண்டுக்கு வெளியே வருவார், சாப்பிடுவார், மாத்திரை போட்டுக்கொண்டு நாலு மணிவரை தூங்குவார். ஒருநாள் பெருக்கப் போனவள் மேஜையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கார்க் கதவு கோணலாக ஒட்டியிருந்தது. கூரைமேல் பசை சொட்டி, விரலால் துடைக்கப் பார்த்து இன்னும் இழுவியிருந்தது. பெயின்ட்டில் ஒரு சின்ன முடி ஒட்டினால்கூடத் தூங்காத மனுஷன் அவர்.

மறுநாள் அவர் கண்ணயர்ந்ததும் உள்ளே போனாள். காலர் வைத்துத் தைத்துப் பழகிய விரல்கள். கதவை மெதுவாகப் பெயர்த்தாள், உப்புத்தாளால் தேய்த்தாள், மறுபடி ஒட்டினாள். சாயங்காலம் அவர் பார்த்துவிட்டு, "காயறப்ப பசை இழுத்து நேராக்கிடும், பார்த்தியா?" என்றார்.

"ஆமாங்க," என்றாள். வேறென்ன சொல்வாள்?

அன்றிலிருந்து தினமும் அதே கதைதான். காலையில் அவர் கெடுப்பார், மதியம் அவள் திருத்துவாள். பரிதாபத்தில் தொடங்கிய வேலைதான், பொய் சொல்வானேன். ஆனால் இரண்டாவது வாரமே அவளுக்கு அதில் பைத்தியம் பிடித்துவிட்டது. பாத்திரம் கழுவும்போது தீ நாக்கின் வளைவு கண்ணுக்குள் ஓடும். மஞ்சளின் ஓரத்தில் ஆரஞ்சை எவ்வளவு தண்ணீராகக் கரைத்தால் நெருப்பு உயிரோடு இருக்கும் என்று தானே கண்டுபிடித்த அன்று, ஓடிப்போய் அவரை எழுப்பிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. உலகத்தில் அதைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவரிடம் மட்டும்தான் அதைச் சொல்ல முடியாது. பிரஷைக் கழுவி, ஸ்டூலை இருந்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தாள்.

கண்ணாடிக் கடைக்காரர் காரை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னலருகே கொண்டு போனார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். அதைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார்.

"கதவு இடுக்கைப் பாருங்கண்ணி, பேப்பர்கூட நுழையாது. அடேயப்பா! இந்த நெருப்பு! நாப்பது வருஷமா செய்யறார், இப்படி ஒரு நெருப்பு அவருக்கு வந்ததே இல்ல."

அவளுக்குக் காது மடல் சுட்டது. கூடத்தில் கணவர் கிடக்கும்போது இப்படி ஒரு சந்தோஷமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் சந்தோஷம் சந்தோஷம்தான்.

லென்ஸ் எஞ்சினுக்கு வந்ததும் நின்றது. அவர் காரைத் திருப்பினார், மறுபடி திருப்பினார்.

"இது என்னது?"

"ஏன், என்ன?"

"எட்டு ஒயர் இருக்கில்ல, கரண்ட்டைப் பிரிச்சு அனுப்பற இந்த டிஸ்ட்ரிபியூட்டர்லேருந்து எட்டு பிளக்குக்கும் போறது. ஒண்ணுக்கு அடுத்து அஞ்சு, அப்புறம் நாலு, எட்டுன்னு மாத்தி மாத்திப் போகணும். ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, பார்க்கச் சிக்கலாத்தான் இருக்கும். இதுல வகிடு எடுத்துச் சீவின மாதிரி இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. இப்படி மாட்டினா எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாதே!"

 கணவர் மாட்டிவைத்த நாலைந்து ஒயர்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் கிடந்தன. கை நடுக்கத்தில் சிக்கிவிட்டது என்று நினைத்தாள். சிக்கின நூலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்தத் தையல்காரியால் முடியும்? எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பழைய ஹெட்போன் ஒயரை உரித்து, எட்டையும் வரிசையாக, ஒரே வளைவில் மாட்டினாள். மூன்று மதியம் பிடித்தது. அவள் செய்ததிலேயே அழகான வேலை அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக் கடைக்காரர் குரலைத் தணித்தார். "விடுங்கண்ணி. கடைசி நாள்ல மறதி வந்திருக்கும், பாவம். இன்னும் நேரமிருக்கு, நானே மாத்திடறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

அப்படியே தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் மறதி என்ற சொல் அவளைச் சுட்டது. நேற்றுக் காலைகூடப் பேப்பரில் வந்த தப்புக் கணக்கைச் சொல்லிச் சிரித்த மனுஷனுக்கா மறதி?

"அவர் எதையும் மறக்கல," என்றாள். "அதை மாட்டினது நான்."

ஒரு தரம் வாய் திறந்ததும் எல்லாம் வந்துவிட்டது. கதவு, கூரை, நெருப்பு, நாலு மாத மதியங்கள். கண்ணாடிக் கடைக்காரர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவே மறந்துபோய்க் கேட்டார்.

"இந்த ஒயரை அவர் பார்த்தாரா?"

"பார்த்தாரே. லென்ஸ் வெச்சு, ரொம்ப நேரம்."

"என்ன சொன்னார்?"

"'என் கை இன்னும் போகல, பார்த்தியா'ன்னார். உங்க கைக்கு என்னங்க குறைன்னு நானும் சொன்னேன்."

கண்ணாடிக் கடைக்காரர் காரை மேஜைமேல் வைத்தார். 

"அண்ணி, பஸ் டிப்போவுல முப்பத்திரண்டு வருஷம் எஞ்சினோட கிடந்தவர். எந்த ஒயர் மாறியிருக்குன்னு சத்தத்தை வெச்சே சொல்வார். ஒரு கண்காட்சியில என் கார் பக்கத்துல நின்னு, 'மூணும் ஏழும் மாறியிருக்குடா'ன்னு நூறு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கினவர். அவரா இதைப் பார்த்துட்டுச் சும்மா இருந்தார்?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? அவருக்குத் தெரியும். ஒயருக்கு முன்னாலேயே, கூரைக்கு முன்னாலேயே, அந்த முதல் கதவிலேயே தெரிந்திருக்கும். அடப்பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா! இன்னொரு ஸ்டூல் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளே. 'இப்படி இல்லம்மா, ஒண்ணுக்கு அடுத்து அஞ்சு' என்று அந்த நடுங்கும் விரலால் காட்டியிருப்பாரே. ஒரு நாளாவது, ஒரு மதியமாவது. அவருக்காக அவளும் அவளுக்காக அவரும் மறைத்து மறைத்து, நாலு மாதத்தையும் வீணாக்கியாயிற்று. அவளும்தான் கேட்கவில்லை. யாரைக் குறை சொல்வது?

"மாத்தட்டுமா?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"வேணாம்."

"ஸ்டார்ட் ஆகாதுண்ணி."

"ஆக வேணாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அலமாரிக்கும் வேணாம். தலைமாட்டுல வைங்க, அப்புறம் எங்கிட்டயே குடுத்துடுங்க. அந்தப் பின்சக்கரம் ஒண்ணு மட்டும் ஒட்டாம இருக்கு. என் கை இன்னிக்கு ஓடாது. அதை மட்டும் ஒட்டிடுங்க."

வாசலில் மகள் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "அம்மா, நேத்திலேருந்து ஒரு நிமிஷம் படுக்கல நீ. வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். கொஞ்சம் முதுகைச் சாய்ச்சுட்டு வா" என்று கையைப் பிடித்து எழுப்பினாள். கண்ணாடிக் கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார்.

படுக்கையறையில் அவள் படுப்பது எப்போதும் ஜன்னல் பக்கம். இன்று கட்டிலைச் சுற்றி வந்து சுவரோரம், அவருடைய இடத்தில் படுத்தாள். சுவர் என்று பெயர்தான். இருந்த ஒரு அறையைப் பலகையால் தடுத்து இரண்டாக்கியது அது. மறுபாதிதான் அந்தக் கார் அறை. மகள் போர்வையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

பலகைக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கடைக்காரரின் ஸ்டூல் நகர்ந்தது. பசைக் குப்பியின் மூடி திருகித் திருகித் திறந்தது. சின்ன இடுக்கியைக் கண்ணாடித் தட்டின்மேல் வைத்த 'டிங்' சத்தம் அவள் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. உப்புத்தாள் உரசியது, நின்றது, வாயால் தூசை ஊதினார், மறுபடி உரசியது. ஒன்றுகூடத் தப்பவில்லை. நாலு மாத மதியமும் கணவர் கண்ணை மூடிப் படுத்திருந்த இடம் இது.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை மூடி, தூங்குகிறவர்கள் விடுவதுபோல மூச்சை நீளமாக விட்டாள்.