குறுகிய வீட்டின் திரைச்சீலை

டோர்ன்வைக்கில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் ஊர்க்காரர்கள் ஒரு கையிலேயே எண்ணி முடித்துவிடுவார்கள். சாய்ந்த தேவாலயக் கோபுரம், பாலாடைக்கட்டி எடைபோட்ட பழைய மண்டபம், ஐசல் ஆற்றைப் பார்த்த பழைய கோட்டை வாசலான நீர்வாயில், அப்புறம் மீன்காரத் தெருவில் அலெய்டா வெஸ்ஸிங் தனியாக இருக்கும் வீடு. அந்த வீட்டின் நடுவில் நின்று கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் ஏறக்குறைய தட்டிவிடும். அகலத்தை அளந்து வரி போட்ட காலத்தில் கட்டியது. கட்டியவன் மகா கஞ்சன் என்பது அலெய்டாவின் தீர்மானமான கருத்து.

சனிக்கிழமைதோறும் பதினொரு மணிக்கு கெர்லோஃப் ஹௌஸ்கென் வெளியூர்க்காரர்களை அழைத்துக்கொண்டு அந்த வீட்டு ஜன்னலுக்கு முன்னால் வந்து நிற்பார். ஆற்றுப்பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி போய்ப் பத்து வருடமாகிறது. பொழுது போக வேண்டுமே என்று வழிகாட்டியாகச் சேர்ந்தவர். கோபுரத்துக்கு நாலு நிமிடம், எடை மண்டபத்துக்கு மூன்று நிமிடம் என்று கறாராகப் பேசுகிற மனிதர், இந்த ஜன்னலுக்கு முன்னால் மட்டும் கால் மணி நேரம் அசையமாட்டார். பல நூறு வருடங்களுக்கு முன்னால் ஸ்பானியர் ஊரை முற்றுகையிட்டபோது பறந்து வந்த பீரங்கிக் குண்டு இந்த வீட்டு அடுப்பில் கொதித்த சூப்புக்குள் விழுந்ததாம். வீட்டுக்காரி அதைக் கரண்டியால் எடுத்து எதிரி மேலேயே வீசினாளாம். முதல் வருடம் அது வெறும் சூப். அடுத்த வருடம் பட்டாணி சூப். போன வசந்தத்தில் அதில் இறைச்சித் துண்டுகளும் மிதக்க ஆரம்பித்துவிட்டன.

உள்ளே மேஜையருகே காபியோடு உட்கார்ந்து அலெய்டா அத்தனையும் கேட்பாள். கதை முடிந்ததும் கெர்லோஃப் ஜன்னலுக்குள் பார்ப்பார். அவள் கோப்பையைக் கொஞ்சம் உயர்த்துவாள். அவர் தொப்பியைத் தூக்குவார். ஆறு வருடப் பழக்கம் அவ்வளவுதான். முன்கூட்டியே நாள் சொல்லாமல் இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஊர் அல்ல அது. நாள் சொல்ல ஒரு காரணம் வேண்டும். அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. அவளும் ஒன்றை எடுத்துக் கொடுக்கவில்லை.

இப்போது மகள் ஹன்னெக்கே ஸ்வோல்லே நகரத்தில் லிஃப்ட் வைத்த வீடு ஒன்றைப் பார்த்துவிட்டாள். திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். ஏணி மாதிரி நிற்கும் இந்த மாடிப்படியில் அம்மா ஒருநாள் உருண்டு விழப்போகிறாள் என்று மகளுக்குப் பயம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அலெய்டாவின் முழங்கால்களும் மகள் கட்சிதான். ஆனால் சனிக்கிழமை பதினொரு மணி ஸ்வோல்லேயில் கிடைக்காதே. ஒரு மனிதர் தொப்பி தூக்குகிறார் என்பதற்காக எழுபத்துமூன்று வயதில் வீட்டைக் காலி செய்யாமல் இருக்க முடியுமா? மகளிடம் சொன்னால் சிரிப்பாள். அலெய்டாவுக்கே சிரிப்பு வந்தது, சிரித்து முடித்த பிறகு அழுகையும் வந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை, புது வீட்டுக்கென்று மகள் அனுப்பிய திரைச்சீலை வந்து சேர்ந்தது. இரண்டு ஜன்னலும் ஒரே உயரம் என்பதால் நீளம் பார்க்கலாம் என்று தெருப்பக்க ஜன்னலிலேயே அதை மாட்டி, முழுக்க இழுத்துவிட்டு, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, கீழ் ஓரத்தை மடிக்க மண்டியிட்டாள். மீன்காரத் தெருவில் பகலில் யாரும் ஜன்னல் திரையை மூடுவதில்லை. மறைக்க என்ன இருக்கிறது என்பது அந்தத் தெருவின் கர்வம். பட்டப்பகலில் திரை மூடியிருந்தால் ஒரே அர்த்தம்தான்: அந்த வீட்டில் சாவு. அதே தெருவில் பிறந்த அலெய்டாவுக்கு இது தெரியாதா என்ன? மடிப்பு நேராக வரவில்லையே என்ற கவலையில் அது மண்டையில் உறைக்கவில்லை.

பதினொரு மணிக்குக் காலடிச் சத்தம் வந்து நின்றது. எதிர் ரொட்டிக்கடை மீன்ட்யே கெர்லோஃபிடம் பேசுவது கேட்டது.

"நேத்துகூட வந்து ரொட்டி வாங்கிட்டுப் போனாங்க, பாவம். திரை அசையுது பாருங்க, பொண்ணு வந்திருக்கும்போல. இந்த நேரத்துல போய் மணி அடிக்கக் கூடாது."

யார் செத்தது என்று அலெய்டாவும் ஒரு கணம் யோசித்தாள். புரிந்ததும் எழப் பார்த்தாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கத்தலாம் என்றால் வாய் நிறைய குண்டூசி. அதற்குள் கெர்லோஃப் பேச ஆரம்பித்துவிட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"இந்த வீட்டைப் பத்தி ஒரு கதை சொல்லுவேன். குண்டு, சூப்புன்னு. எல்லாம் பொய். முற்றுகை முடிஞ்சு நூறு வருஷம் கழிச்சுக் கட்டின வீடு இது. இங்க கொஞ்ச நேரம் கூட நிக்கணும்னு நானாக் கட்டிவிட்டது. உள்ள ஒரு அம்மா காபி குடிச்சிட்டு இருப்பாங்க. என்னைப் பாத்து கோப்பையைத் தூக்குவாங்க. அதுக்காக வெள்ளிக்கிழமையே சட்டைய இஸ்திரி போட்டு வெச்சிடுவேன். ஒருநாளாவது கதவைத் தட்டியிருக்கலாம். அவ்ளோ பெரிய பாலத்தைத் தூக்கினவனுக்கு இதுக்குத் தைரியம் வரல."

கிரோனிங்கனிலிருந்து ஊரைச் சுற்றிப்பார்க்க வந்த பதினாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் தரையைப் பார்த்தார்கள்.

அலெய்டா குண்டூசிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பினாள். இப்போது திரையை விலக்கினால் அந்த மனிதரின் மானம் இத்தனை பேர் முன்னால் கப்பலேறிவிடும். மத்தியானம் வரைக்கும் செத்தவளாகவே இருந்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்தாள். அதற்குள் வெளியே காலடிகள் நகரத் தொடங்கின. அவ்வளவுதான், நாற்காலியைப் பிடித்து எழுந்து திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

மீன்ட்யே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கெர்லோஃபின் முகம் முதலில் வெளுத்து, பிறகு காது வரைக்கும் சிவந்தது. அலெய்டா கதவைத் திறந்தாள்.

"நான் சாகல. திரைக்கு நீளம் பாத்துட்டு இருந்தேன்."

"நான் பேசினது கேட்டுதா?"

"ஜன்னல்ல ஒத்தைக் கண்ணாடிதானே. ஆறு வருஷமா எல்லாந்தான் கேக்குது."

கெர்லோஃப் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, எந்த ஜன்னலுக்குத் திரை என்று மெதுவாகக் கேட்டார். ஸ்வோல்லேயில் வீடு பார்த்திருப்பதையும், திங்கட்கிழமைக் கையெழுத்தையும் அவள் சொன்னாள். ஒரு நிமிடம் முன்னால் திரும்பக் கிடைத்தது மறுபடியும் கைநழுவுவதை அவர் முகத்திலேயே பார்த்தாள்.

"போகாதீங்க," என்றார் கெர்லோஃப்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் தெருவே கேட்டது. பெற்ற பிள்ளை அமெரிக்காவுக்குக் குடிபோகும்போதுகூட, பத்திரமாகப் போய் வா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத ஊர் அது. அலெய்டா கதவை இன்னும் அகலமாகத் திறந்து விலகி நின்றாள்.

பதினாலு பேரையும் மீன்ட்யே நீர்வாயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் தன் ரொட்டிக்கடையின் வரலாற்றைச் சொன்னதாகப் பிற்பாடு தெரிந்தது.

கெர்லோஃப் மிதியடியில் காலணியை நாலு முறை தேய்த்துவிட்டு உள்ளே வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோடு ஒட்டி நின்றார். அலெய்டா மகளுக்கு ஃபோன் போட்டாள். திரை நீளம் சரியாக இருக்கிறதா என்றுதான் ஹன்னெக்கே முதலில் கேட்டாள்.

"நான் வரலம்மா. படுக்கையைக் கீழ் ரூம்லயே போட்டுக்கறேன், படி ஏற வேண்டாம்," என்றாள் அலெய்டா. "அப்புறமாப் பேசறேன். வீட்ல ஆள் இருக்கு."