ரிஜிஸ்டர் இல்லாத வாசிப்பறை

செலவைக் குறைப்பதற்காக எங்கள் பல்கலைக்கழகம் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றைப் போட்டது. நான்கு பேர் கணக்கு வழக்கு தெரிந்தவர்கள். ஐந்தாவது நான், கௌதமன், வரலாற்றுத் துறை. பார்வை கிடையாது. பல்லடம் பக்கம் தோட்டங்களில் கூலிக்குப் போன ஒருவரின் மகன். ஒரே நாற்காலியில் இத்தனை தரப்பையும் உட்கார வைத்துவிட்ட திருப்தி அவர்களுக்கு.

முதல் கூட்டத்திலேயே பதிவாளர் கோவிந்தராஜுலு, நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் வாசிப்பறை விஷயத்துக்கு வந்தார். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து தரும் அறை அது.

"மூடிப்போடலாமுங்க. இருபத்திரண்டு வருசமா ரிஜிஸ்டர்ல ஒருத்தர் பேரு இல்லீங்க. வாசிக்கற டெய்சியம்மாவுக்குச் சம்பளம் மட்டும் போயிட்டிருக்குது. இப்பத்தான் போனே எல்லாத்தையும் படிச்சுக் காட்டுதுங்களே" என்றார்.

அந்த ரிஜிஸ்டர் காலியாகக் கிடப்பதற்குக் காரணமே நான்தான்.

இரண்டாயிரத்து மூன்றில் நான் இங்கே எம்.ஏ. சேர்ந்தேன். வாசிப்பறைக்குப் போன முதல் நாள், அங்கிருந்த எழுத்தர் ஒரு வார்த்தை கேட்காமல் என் கையைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலை மையில் அமுக்கி, ரிஜிஸ்டரில் அழுத்தினார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அடிஸ்கேலை வைத்து மூன்று மாதம் பழகியிருந்தேன். "நான் கைநாட்டு வெச்சதெல்லாம் போதுஞ் சாமி, நீ வெச்சுப்போடாதே" என்று சொல்லித்தான் அப்பா என்னைப் பஸ் ஏற்றிவிட்டிருந்தார். அன்று நான் போட்ட சத்தத்தில் நூலகமே எழுந்து வந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கசக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அங்கே வாசிப்பாளராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவர் டெய்சிக்கா. வேலை போகும் என்ற பயம்கூட இல்லாமல் ரிஜிஸ்டரை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். "இனி இங்க ஆரும் ஒண்ணும் வெக்க வேண்டாமுங்க. குரலைக் கேட்டா எனக்குத் தெரியுமுங்க, ஆரு வந்திருக்கறாங்கன்னு" என்றார். அன்றிலிருந்து அதுவே அந்த அறையின் வழக்கமாகிவிட்டது. புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இந்தக் கதையை நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். என் வீறாப்பு இருபத்திரண்டு வருடம் கழித்து அந்த அறைக்கே உலை வைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அந்த அறையை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் வருவது அங்கிருந்த ஃபேனின் கடகடப்பு. டேப் ரெக்கார்டர் சூடாகும்போது வரும் வாசனை. பிறகு டெய்சிக்காவின் குரல். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதம் வாசித்துப் பழகிய குரல். ஆனால் புத்தகத்தில் இல்லாத மரியாதையை எல்லாம் அவர் சேர்த்துவிடுவார். "அக்பருங்க பதிமூணு வயசுல பட்டத்துக்கு வந்தாருங்க." அதையே கேட்டுக் கேட்டு, பரீட்சையில் எனக்காக எழுத வந்தவரிடம் நானும் 'வந்தாருங்க' என்றே சொல்லிவிட்டேன். அவர் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் வீணானது. அந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

கூட்டம் முடிந்ததும் நேராக வாசிப்பறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

டெய்சிக்கா "என்னைய உடுங்க சார். பிரியாவுக்கு மட்டும் பரீட்சை முடியட்டுமுங்க" என்றார்.

சண்முகப்பிரியா ஆனைமலையிலிருந்து வந்து பொருளாதாரம் படிக்கிறாள். அவளும் அங்கேதான் இருந்தாள். "போன் பாராவெல்லாம் நல்லாப் படிக்குதுங்க சார். அட்டவணை வந்தா நம்பரைக் கொட்டிட்டுப் போயிருதுங்க. கிராஃப் வந்தா 'படம்'னு மட்டும் சொல்லுது. அக்கா எங்கையில கோடு போட்டுச் சொல்லுவாங்க" என்றாள். சொல்லிவிட்டு, பேச்சை நிறுத்துவதற்காகவோ என்னவோ, மேஜையிலிருந்த பதிவுக் கருவியைத் தட்டினாள்.

"சண்முகப்பிரியா கண்ணுக்கு. ஜனவரி இருபத்தொண்ணு. பணவியல், மூணாம் பாடம்."

நான் எழுந்தே விட்டேன். ஒவ்வொரு பதிவையும் டெய்சிக்கா இப்படித்தான் ஆரம்பிப்பார். யாருக்கு, என்றைக்கு, எந்தப் பாடம். இத்தனை வருடம் கேட்ட எனக்கு அது உறைக்கவே இல்லை.

"அக்கா, பழைய கேசட்டெல்லாம்?"

"ஒண்ணுகூடத் தூக்கிப் போடலீங்க. அலமாரி பூராவும் அதுதானுங்க."

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு அட்டைப்பெட்டியும் டேப் ரெக்கார்டருமாகப் போனேன். நான் எதுவும் பேசவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டேன். எபினேசர் கண்ணுக்கு. கிருபா அம்மணிக்கு. இல்யாஸ் கண்ணுக்கு. வருடங்கள் மாறின, பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. டெய்சிக்காவின் குரல் மட்டும் கொஞ்சங் கொஞ்சமாகத் தடித்தது.

அடுத்துக் கையில் வந்தது என்னுடையது.

"கௌதமன் கண்ணுக்கு. ரெண்டாயிரத்து மூணு, ஆகஸ்ட் பதினொண்ணு. இந்திய வரலாறு. கண்ணு, சாப்பிட்டுப்போட்டுக் கேளு. வெறும் வயித்துல முகலாயர் வேண்டாம்."

நான்கு பேரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

கோவிந்தராஜுலு கெட்டவர் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அறை இருக்கட்டுமுங்க, டெய்சியம்மாவும் இருக்கட்டும். ஆனா ஆடிட்ல குரலை ஏத்துக்க மாட்டாங்க. மத்த துறையில இருக்கற மாதிரி அங்கயும் விரல் ரேகை மிசின் வெச்சுத்தான் ஆகோணும். இதுக்கு நீங்க ஒத்துக்கிட்டா முடிச்சுப்போடலாம்" என்றார்.

எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது. அவரிடம் கேட்க முடிந்திருந்தால் கேட்டிருப்பேன். "சரிங்க" என்றேன்.

திங்கட்கிழமை வாசிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் மிசினை மாட்டினார்கள். சண்முகப்பிரியா வாசலிலேயே நின்றுவிட்டாள். "வெக்க மாட்டேன்னு சண்டை போட்டீங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"ஆமாம்மா. முதல்ல நானே வெச்சுக் காட்டறேன்."

மிசின் எங்கே இருக்கிறது என்று சுவரில் தடவினேன். டெய்சிக்கா பக்கத்தில் வந்து நின்றது அவருடைய பவுடர் வாசனையில் தெரிந்தது. ஆனால் அவர் என்னைத் தொடவில்லை.

"கையைப் புடிக்கட்டுங்களா, கண்ணு?" என்று கேட்டார்.

நான் கையை நீட்டினேன்.