ஆபீஸ் குரல்

குடும்பநல ஆலோசகர் அறையில் விதி ஒன்றே ஒன்றுதான். சின்னத் தலையணை யார் மடியில் இருக்கிறதோ அவர் பேசலாம். மற்றவர் பதில் சொல்லாமல், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்க என்னவோ சுலபம்தான். கல்யாணமான இரண்டு பேரைப் பதில் பேசாமல் உட்காரவைப்பது லேசுப்பட்ட காரியமா?

அவளுக்கு லேசாகத்தான் இருந்தது. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் போனில் புகார் கேட்பது அவள் வேலை. காலையில் காதில் ஹெட்போனை மாட்டினால், ஊரில் உள்ளவர்களின் ஏச்சும் பேச்சும் சாயங்காலம் வரை அவள் தலையில்தான். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குக் கொண்டுவருவது வெறும் உடம்பை மட்டும்தான்.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அவள் கணவனின் சட்டைப்பையில் ஒரு சாவி இருந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்தில் தனியாக ஓர் அறை எடுத்திருக்கிறான். இன்றைக்கும் சரிப்பட்டு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதாகச் சொல்லிவிட்டான். அவன் போகக் கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

தலையணை முதலில் அவன் மடிக்குப் போனது.

"வீட்ல நான் இருக்கேனா இல்லையான்னே இவளுக்குத் தெரியல. என்ன சொன்னாலும் சரி சரிங்கறா. என்னைத் திட்டிக்கூட வருஷமாச்சு. செவுத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நீங்க வீட்ல இருக்கறதை நான் கவனிக்கறதில்லைன்னு சொல்றீங்க. செவுத்துகிட்ட பேசுற மாதிரி இருக்குன்னு வருத்தப்படறீங்க. நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?"

ஆலோசகர் அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ரொம்ப அருமை! இவ்வளவு அழகா இங்க யாருமே செஞ்சதில்ல."

பாராட்டு காதில் விழுந்ததும், பழக்கதோஷம், ஆபீஸ் போனில் சொல்லும் மீதியையும் அவள் வாய் தானாகவே சொல்லி முடித்தது. "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. கட்டின புருஷனைப் போய் சார் என்று கூப்பிட்டிருக்கிறாள்!

"பாத்தீங்களா மேடம்? வீட்லயும் இதே கதைதான்," என்றான். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கோபம் வற்றிப்போன மனுஷன்தான் நிஜமாகவே பெட்டியைத் தூக்குவான்.

தலையணை அவளிடம் வந்தது. அதைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"எனக்குக் களைப்பா இருக்கு. நாள் பூரா யார் யாரோ கத்துறாங்க. திருப்பி ஒரு வார்த்தை பேசக் கூடாது. வீட்டுக்கு வந்தா, நீங்க பேசுறதும் இன்னொரு போன் வந்த மாதிரியே கேக்குது."

இப்போது அவன் முறை. "நான் பேசுறது உனக்குப் புடிக்கல. நான் போயிட்டா உனக்கு நிம்மதி."

"அதுவா சொன்னேன் நான்?"

தலையணை தரையில் விழுந்தது. அவள் எழுந்து நின்றிருந்தாள். "காது என்ன அடைச்சுப் போச்சா உங்களுக்கு? நிம்மதியாம் நிம்மதி! லிஃப்ட் எங்க மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு சத்தத்தை வச்சே கண்டுபிடிக்கத் தெரியுது. பொண்டாட்டி எங்க மாட்டிக்கிட்டு நிக்கறான்னு தெரியலையா? பெட்டியைத் தூக்கிட்டுக் கெளம்பறாராம்!"

ஆலோசகர் பதறிப்போய்த் தலையணையை எடுத்து நீட்டினார். "குரலை உயர்த்த வேண்டாம், மறுபடியும் முதல்லேருந்து..."

"இருங்க மேடம்," என்றான் அவன். "குறுக்க பேசாதீங்க. அவ பேசட்டும்."

படியிறங்கும்போதும் அவள் திட்டினாள். தெருவில் நடக்கும்போதும் விடவில்லை; வருஷக்கணக்கில் அடைத்துவைத்தது அவ்வளவு சீக்கிரம் தீருமா? அவள் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அவன் பக்கத்திலேயே வந்தான். தெருமுனைக்கு வந்தபோது அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"என்ன, நீங்க வாயே திறக்கல?" என்று கேட்டாள்.

அவன் சாவியை வெளியே எடுத்தான். "இதை நாளைக்குத் திருப்பிக் குடுத்துடறேன்."

"நாளைக்கு என்ன நாளைக்கு? இப்பவே நடங்க."

இரண்டு பேருக்கும் கால் கெஞ்சியது. ஆனாலும் வீட்டுக்குப் போகும் வழியை விட்டுவிட்டு, ஒர்க்‌ஷாப் பக்கம் திரும்பி நடந்தார்கள்.