கிண்ணம் வைக்காமல் வடித்தது

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று சொன்னால் என்மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதை போய்விடும். போகட்டும். போன வியாழக்கிழமை, தேங்க்ஸ்கிவிங் விருந்தன்று, என் ஓரகத்தி ப்ரென்னா சமையலறை சிங்க்கின் முன்னால் நின்று அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே மனதுக்குள் முதல் வரியை எழுதினேன். அவள் மூக்கைத் துடைப்பதற்குள் இரண்டாவது வரியும் வந்துவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி."

"சத்தியமா மாட்டேன்."

தமிழில் எழுதினால் சொன்னதாகாது என்று அப்போதே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். இந்தக் குடும்பத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எவ்வளவு கேவலமான சமாதானம், பாருங்கள்.

(அவர்கள் இப்படித் தமிழில் பேசுவதுமில்லை. நான்தான் பேசவைக்கிறேன். அதற்கும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.)

2

ஒரு தொடக்கம்: "விஸ்கான்சினில் அன்று காலையிலிருந்தே பனி..."

வேண்டாம். நான் பனியை எழுத ஆரம்பித்தால் எதையோ மூடப் பார்க்கிறேன் என்று அர்த்தம்.

இன்னொன்று: "வான்கோழி வேகிற வாசனையில் ப்ரென்னா தன்னை ஒரு ராணியாகவே..."

இதுவும் வேண்டாம். அழுதவளைக் கேலி செய்கிறது.

நேராகவே சொல்கிறேன். வருடாவருடம் வான்கோழி வெந்த சாற்றில் மாவு கரைத்துக் கிரேவி வைப்பது எங்கள் மாமியார் மார்லிஸ். அவருடைய இரண்டு மகன்களும் வான்கோழியைத் தொடுவதே அதை ஊற்றிக்கொள்ளத்தான். இந்த வருடம் அவர் வாசல் பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு கூடத்தில் ஃபுட்பால் பார்க்க உட்கார்ந்தவர், கிரேவியை ப்ரென்னாவிடம் முதல்முறையாக விட்டார்.

"கட்டி தட்டிச்சுன்னா என் பேரைக் கெடுக்காத. உங்கம்மா சொல்லிக்குடுத்ததுன்னு சொல்லிடு" என்று கேலி வேறு.

ப்ரென்னா சிரித்தாள்.

3

காலையிலிருந்து ஒரு பானையில் வான்கோழியின் கழுத்தும் ஈரலும் வெங்காயமும் செலரியும் கொதித்துக்கொண்டிருந்தன. வான்கோழி அடுப்பிலிருந்து வந்ததும், தட்டில் வடிந்திருந்த கொழுப்பையும் அடியில் ஒட்டியிருந்த கருஞ்சிவப்பையும் ப்ரென்னா வெந்நீர் விட்டுச் சுரண்டி அந்தப் பானையிலேயே சேர்த்தாள். ஒரு துளியைக்கூட விடவில்லை. பிறகு வடிகட்டியை சிங்க்கில் வைத்தாள். பானையை இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்தாள்.

கீழே கிண்ணம் வைக்கவில்லை.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தினமும் பிள்ளைகளுக்கு மக்ரோனி வடிக்கிற கை அது. தண்ணீர் போகும், வேண்டியது தங்கும் என்று பழகிய கை. அன்று வேண்டியதெல்லாம் போய்விட்டது. வடிகட்டியில் எலும்பு மட்டும் ஆவி பறக்கக் கிடந்தது.

"பெட்ரோல் பங்க் கடை திறந்திருக்கும். ஓடுடி, ப்ளீஸ்."

ஓடினேன். மூன்று பாட்டில் கிரேவி வாங்கிவந்தேன். மிளகைத் தட்டிப்போட்டு, கொஞ்சம் வெண்ணெயும் சேர்த்துச் சூடாக்கி, அத்தையின் வெள்ளைப் பீங்கான் குவளையில் ஊற்றினோம். காலி பாட்டில்களை என் கார் சீட்டுக்கடியில் ஒளித்தேன். இன்னும் அங்கேதான் இருக்கின்றன. திருப்பத்தில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன.

4

ப்ரென்னாவின் கணவன் டாட் மூன்றாவது தடவை ஊற்றிக்கொண்டான்.

"அம்மா, தப்பா எடுத்துக்காத. இத்தன வருஷத்துல இதுதான் டாப்பு."

என் கணவர் நீல் தட்டை ரொட்டியால் வழித்துக்கொண்டிருந்தார். "பேசாதடா, தீர்ந்துடும்" என்றார்.

அத்தை இடது கையால் கரண்டியைப் பிடித்து ருசி பார்த்தார். இன்னொரு கரண்டி எடுத்தார்.

"நல்லா இருக்குடி ப்ரென்னா. என்னோடத விட நல்லா இருக்கு." சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே சொன்னார்: "இவ்ளோ வருஷமா எல்லாரும் பாவம் பாத்துத்தான் தின்னிருக்கீங்க போல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ப்ரென்னா தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

"இனிமே என் கை சரியானாலும் நீயே வச்சுடு" என்று அத்தை குவளையை அவள் பக்கம் நகர்த்தினார்.



5

முடிவுகள்.

ஒன்று: அத்தை கண்ணடித்து, "நானும் பாட்டில்லதான் ஊத்துவேன்" என்கிறார். எழுதினேன். படித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. அழித்துவிட்டேன். அவர் ஒருநாளும் பாட்டில் வாங்கியதில்லை. எங்கள் வெட்கம் கழுவப்படுவதற்காக அவரை எதற்குப் பொய்க்காரி ஆக்க வேண்டும்?

இரண்டு: ப்ரென்னா உண்மையைச் சொல்கிறாள், இருவரும் கட்டிக்கொண்டு...

கட்டிக்கொள்ள மாட்டார்கள். சொன்னால் வெளியே வருவது மருமகளின் பொய் மட்டுமல்ல. பெற்ற பிள்ளைகளுக்குத் தன் கிரேவியைவிடப் பெட்ரோல் பங்க் பாட்டில் பிடித்திருந்தது என்பதும் அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டாலோ, கிறிஸ்துமஸுக்கு அவர் கை சும்மா இருக்கும், ப்ரென்னா பாட்டில் திறப்பாள், நான் வாசலில் காவல் நிற்பேன்.

மூன்று:

6

மூன்று என்று போட்டபோது போன் அடித்தது. மார்லிஸ். அவர் பெயர் என் மேசையில் இரண்டு இடத்தில் இருந்தது, போனிலும் இந்தக் கதையிலும்.

"எழுதிட்டிருக்கியாம்மா? தொந்தரவு பண்ணிட்டேனா?"

"இல்ல அத்தை, சும்மாதான் இருக்கேன்."

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி கட்டு பிரிச்சிடுவாங்களாம். ஒரே ஒரு தடவ, யாருக்கும் தெரியாம, அவள மாதிரி வச்சுப் பாக்கணும்னு இருக்கு. நீ பக்கத்துலயே நின்னியே, அப்படி என்னதான் போட்டா?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"அவகிட்டயே கேக்கலாம்தான்" என்றார், குரலைத் தாழ்த்தி. "வெக்கமா இருக்குடி."

வெட்கமாம். அவருக்கு.

இழுப்பறையைத் திறந்து பேனா தேடும் சத்தம் கேட்கிறது. இடது கையால் எழுதப்போகிறார், மெல்லச் சொல்ல வேண்டும். அந்தக் குவளையில் என்ன இருந்தது என்று எனக்கும் ப்ரென்னாவுக்கும் அடுத்தபடி தெரிந்தவர் நீங்கள்தான். போனை உங்கள் பக்கம் நீட்டுகிறேன்.

"ம், சொல்லும்மா" என்கிறார்.