லாபம், ரெண்டு, மூணு

சகாயராணி அளந்துகொண்டிருக்கும்போது யாரும் பேசக்கூடாது. சாணார்பட்டி ரோட்டோரக் கொட்டகையில் பதினாறு பெண்கள் உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியின் குவியலையும் சகாயராணி படியால் அள்ளி, மேலே கையால் வழித்துவிட்டு, சாக்கில் கொட்டினாள். "லாபம்... ரெண்டு... மூணு..." அங்கே யாரும் ஒன்று என்று தொடங்குவதில்லை. முதல் படிக்கு லாபம் என்றுதான் பெயர்.

சத்யபிரியா ஓரமாக நின்று காத்திருந்தாள். எம்.எட். இரண்டாம் வருஷம். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பேச்சையும் வழக்கத்தையும் வைத்தே பாடம் நடத்தலாம் என்பது அவளுடைய ஆய்வு. பக்கத்திலிருந்த ஆங்கிலவழிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஆறு வாரம் உட்கார்ந்து எழுதியிருந்தாள். இருபது பெற்றோரில் பத்தொன்பது பேர் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மிச்சம் சகாயராணி ஒருத்திதான். அவள் மகள் ஏஞ்சலின் இல்லாவிட்டால் ஆய்வே இல்லை. புளியங்கொட்டைகளை எண்ணச் சொன்னபோது "லாபம், ரெண்டு" என்று தொடங்கியது அந்தப் பிள்ளைதான். வருகிற திங்கட்கிழமை ஒப்படைக்காவிட்டால் ஒரு வருஷம் வீணாகிவிடும்.

சாக்கைக் கட்டிவிட்டுச் சகாயராணி வந்தாள். தாளை வாங்கி, முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்க போகும் டீச்சர்?"

"காலேஜுக்கு மட்டுந்தாக்கா."

"ஸ்கூலுக்கு?"

"போகாது. பாப்பா பேரக்கூட மாத்திருவேன்."

"எங்க வீட்டுக்காரருக்கு மில்லுல கை அடிபட்டப்ப இப்படித்தான் ஒரு தாளு கொண்டாந்தாங்க. வைத்தியத்துக்குன்னாங்க. கையெழுத்துப் போட்ட பெறகு படிச்சா, நானா வேலைய விட்டு நின்னுக்கிறேன்னு எழுதியிருந்துச்சு." சொல்லிவிட்டு சத்யபிரியாவின் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்கு இதுல என்ன லாபம்?"

சத்யபிரியாவுக்குச் சுருக்கென்றது. "பாசானா காலேஜ் வேலைக்குப் போலாங்க்கா."

"எம்புள்ளைக்கு?"

"அவ எண்ணுறதத் தப்புன்னு இனிமே எந்த டீச்சரும் சொல்ல மாட்டாங்க."

சூடு கண்ட பூனைக்கு அந்தப் பதில் போதவில்லை. சகாயராணி ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். புரியாத இரண்டு வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டாள். கீழே காலியாக இருந்த இடத்தில் பிறகு யாரும் எதையும் சேர்க்காதபடி குறுக்கே கோடு போடச் சொன்னாள். அதற்கப்புறம்தான் கையெழுத்து விழுந்தது. வண்டியைக் கிளப்பும்போது சத்யபிரியாவுக்குக் கோபம்கூட வந்தது. நல்லது செய்ய வந்தவளைத் திருடியை விசாரிப்பது போலவா விசாரிப்பது?

ஆய்வு இங்கேதான் நடந்தது என்று பள்ளியிலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டும். வெள்ளிக்கிழமை அதைக் கேட்டபோது தலைமையாசிரியை டெய்சி சிரித்தார்.

"என்ன எழுதியிருக்கீங்கன்னு பாக்காம எப்படி மிஸ் சீல் வைக்கிறது? எங்களப் பத்தி ஏதாச்சும் எழுதியிருந்தா?"

பெயர் மாற்றிய பிரதி இன்னும் அச்சாகி வரவில்லை. திங்கட்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருக்கலாம். அவசரத்தில், வகுப்பில் உட்கார்ந்து எழுதிய நோட்டையே நீட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் சத்யபிரியா போனபோது, டெய்சியின் மேஜைக்கு முன்னால் சகாயராணி நின்றுகொண்டிருந்தாள். முழங்கை வரை கடலைத் தூசி. வேலையிலிருந்து கூப்பிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். நோட்டு விரிந்து கிடந்தது.

"'ஒன்று என்ற சொல்லை ஏஞ்சலின் பயன்படுத்துவதில்லை.' இத நாங்க சொல்லலம்மா. எம்.எட். படிக்கிறவங்க ஆறு வாரம் பாத்து எழுதுனது," என்றார் டெய்சி. "ஒண்ணுன்னே சொல்லத் தெரியாத புள்ளைய ஒண்ணாங்கிளாஸ்ல எப்படி வச்சிருக்கிறது? யு.கே.ஜி.ல இன்னொரு வருஷம் இருக்கட்டும். இன்னைக்கே உக்கார வச்சாச்சு."

அந்த வரிக்குக் கீழே இன்னும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. நூறு வரை தடுமாறாமல் எண்ணுகிறாள், கூட்டல் கணக்கில் வகுப்பிலேயே வேகமானவள் என்றெல்லாம் எழுதியிருந்தது. டெய்சி பக்கத்தைத் திருப்பவில்லை.

சகாயராணி சத்யபிரியாவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க டீச்சர். எம்புள்ள தப்பா எண்ணுச்சா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சான்றிதழ் டெய்சியின் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது. முத்திரை இன்னும் விழவில்லை. பதினொரு மணிக்குள் கல்லூரியில் ஒப்படைத்தாக வேண்டும். 

"ஒரு வருஷந்தானேக்கா," என்றாள் சத்யபிரியா. "அஸ்திவாரம் நல்லா ஆயிரும்."

சகாயராணியின் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "வேலை கெடக்கு, வாரேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

டெய்சி முத்திரையை அழுத்தினார். ஜன்னலுக்கு வெளியே யு.கே.ஜி. பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். கடைசியாக ஏஞ்சலின், மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். அது தெரியாமலிருக்க முழங்காலை மடக்கி மடக்கி நடந்தாள். சத்யபிரியா சான்றிதழைக் கையில் எடுத்து, மை கலைந்துவிடாமல் மெல்ல ஊதினாள்.