தொடையோடு ஒட்டிய கைகள்

"ஆடு, வேண்டாங்கல. ஆனா கையை மட்டும் ஆட்டாதே ஃபெஸ்டி. என் டான்ஸ் கிளாஸ் ஆளுங்க எல்லாரும் வர்றாங்க."

"கை ஆடலேன்னா கால் எப்படி ஆடும், எத்னா? ரெண்டும் ஒரே ஆளோடதுதானே."

"விளையாடாதே. பார்க்கறதுக்குக் கோழி விரட்டுற மாதிரி இருக்கு."

அவன் சிரித்தான். "சரி, விரட்டல."

எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு பேசிக்கொண்டது இது. ஆறு வருடமாகியும் ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை.

நான் கால்வே நகரத்தில் போட்டி நடனம் பழகியவள்; பதக்கங்கள் வாங்கி, இப்போது வகுப்பும் நடத்துகிறேன். எங்கள் முறையில் முதுகு விறைத்திருக்கும், கைகள் தொடையோடு ஒட்டியிருக்கும், கால்கள் மட்டும் உயரப் பறக்கும். ஃபெஸ்டிக்கு ஊர் கடலோரத்துக் கராரோ கிராமம். அந்த ஊர் ஆட்டம் தரையை விட்டு எழும்பாது. பாதம் பலகையோடு பேசிக்கொண்டே இருக்கும். கைகள் இஷ்டத்துக்கு அலையும். அதை ஆட்டம் என்று ஒப்புக்கொள்ள அன்று எனக்கு மனமில்லை.

கல்யாணத்தன்று வழக்கம்போல, ஆடும் பலகையாக ஒரு கதவைக் கழற்றித் தரையில் போட்டார்கள். ஃபெஸ்டி அதன் மேல் ஏறி, கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டான். பத்து அடி எடுத்து வைப்பதற்குள் தாளம் தவறியது. மறுபடி தொடங்கினான், மறுபடி தவறியது. என் தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவனுடைய ஊர்க்காரர்கள் சிரிக்கவில்லை. குனிந்து கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவன் அருகே போகவில்லை. கேக் இருந்த மேசைப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் ஆடவேயில்லை. யார் கூப்பிட்டாலும் முழங்கால் வலி என்பான். அதே முழங்காலோடுதான் தினமும் படகில் நின்று நண்டுக் கூடைகளை இழுக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் தங்கை நோரினின் குழந்தைக்கு ஞானஸ்நானம். சாப்பாடு முடிந்து எல்லோரும் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தோம். கோல்மன் பெரியப்பா அக்கார்டியனை எடுத்து வாசிக்கத் தொடங்கினார்.

"வாடா ஃபெஸ்டி. உன் முழங்காலுக்கு இன்னும் எத்தனை வருஷம் லீவு?"

"டாக்டரைத்தான் கேட்கணும் பெரியப்பா."

"டாக்டரம்மா இங்கதானே உட்கார்ந்திருக்காங்க," என்றாள் நோரின். "என்ன அண்ணி, அனுமதி உண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபெஸ்டி மட்டும் சட்டென்று, "அவளை ஏன் இழுக்கிற? என் காலு, என் வலி," என்றான்.

என் முகம் எரிந்தது. இன்னமும் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். தேநீர் போடும்போது, காரில் போகும்போது, எத்தனையோ முறை 'தப்பு என்னுதுதான்' என்று நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிருக்கிறது. தனியாகச் சொல்வது சுலபம். ஆனால் அவன் தலை குனிந்தது இவர்கள் எல்லோர் முன்னாலும்தான்.

எழுந்து நின்றேன். பெரியப்பா வாசிப்பை நிறுத்தினார்.

"அவர் முழங்காலுக்கு ஒண்ணுமில்ல பெரியப்பா. கையை ஆட்டாதேன்னு கல்யாணத்துக்கு முன்னாடி நான்தான் சொன்னேன். என் ஆளுங்க முன்னாடி எனக்குக் கேவலமா இருக்கும்னு."

நோரின் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"விடு எத்னா," என்றான் ஃபெஸ்டி, என்னைப் பார்க்காமல்.

"விடமாட்டேன்." அவன் அருகே போனேன். "நீ ஆடி நான் பார்க்கணும் ஃபெஸ்டி. உனக்கு எப்படி வருதோ அப்படியே. ஆடுறியா?"